இங்வால்டுக்கு அடுத்த இடம்

உலகத்தார் அனைவரும் கைவேலையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்க வேண்டிய அறிவிப்பு ஒன்று, டிசம்பர் மாதத்துத் திங்கட்கிழமைக் காலையில், ட்ரோண்ட்ஹைம் துறைமுகத்தின் பழைய மீன் கிடங்கு ஒன்றில் வெளியானது. இன்றுமுதல் இந்தக் கட்டடத்தில் இங்வால்ட் துவெய்ட் அவர்களுக்குத் திறக்காத கதவு என்று ஒன்று இருக்காது.

அறிவித்தவரும் இங்வால்ட் துவெய்ட் அவர்கள்தான். அவரை விட்டால் அவரைப் பற்றி அறிவிக்க அந்த ஊரில் ஆளில்லை.

கிடங்கில் இப்போது மீன் கிடையாது. கதவுப் பூட்டுகளுக்கு நிரல் எழுதும் சிறிய நிறுவனம் ஒன்று அங்கே நடந்துவந்தது. இங்வால்ட் அதன் தலைமை நிரலாளர். ஐம்பதைத் தாண்டியவர். பாதி ஆயுளை சி என்ற கணினி மொழியில் எழுதியே கழித்தவர். அந்த மொழியைத் தாமே பெற்று, பால் கொடுத்து வளர்த்ததுபோலப் பேசுவார். அடுத்தவனைவிடத் தன்னை உசத்தியாக நினைக்கக் கூடாது என்பது நார்வேயில் எழுதப்படாத சட்டம். இங்வால்ட் சட்டத்தை மதிப்பவர். தம்மைவிட உசத்தியாக வேறு யாரும் தங்களை நினைத்துக்கொள்ளாதபடி அவர் பார்த்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். பழுப்புப் பாலாடைக்கட்டி யாரும் தொடாமலேயே கரைந்துகொண்டிருந்ததால், தின்பண்ட அறைக்குப் போன வாரம் பூட்டுப் போட்டார்கள். வெள்ளிக்கிழமைதோறும் வாஃபிள் சுடுகிறவள் துரிட் என்பதால், திறக்கும் உரிமை அவளுக்கு. தலைமை நிரலாளருக்கு இல்லை. ஒரு முழு வாரம் அந்த அறையின் சிவப்பு விளக்கு இங்வால்டைப் பார்த்து எரிந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவர் சரியாகத் தூங்கவில்லை.

ஆளுக்கோர் அட்டை. ஒவ்வோர் அட்டைக்கும் கணினி நினைவகத்தில் ஒரு பதிவு, அதில் எட்டு இடங்கள். நீங்கள் போகக்கூடிய ஒவ்வோர் அறைக்கும் ஓர் எழுத்து. அட்டையைக் கதவில் காட்டினால் பூட்டு உங்கள் எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தன் எழுத்தோடு ஒத்துப் பார்க்கும். முதல் பொருத்தம் கிடைத்ததும் பச்சை விளக்கு, கதவு திறக்கும். பொருத்தமே இல்லாவிட்டால் தேடல் எங்கே நிற்பது? அதற்குத்தான் எழுத்துகளுக்குப் பின்னால் ஒரு பூஜ்யம் வைப்பார்கள். இதோடு சரி, திரும்பிப் போ என்று சொல்கிற பூஜ்யம். சி மொழிக்கு முடிவு என்பது தானாகத் தெரியாது. யாராவது சொன்னால்தான் உண்டு. இங்வால்டுக்கு அந்த மொழி ஏன் அவ்வளவு பிடித்தது என்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

ஏழு எழுத்தும் ஒரு பூஜ்யமும் வைத்திருந்த இங்வால்ட், அந்தப் பூஜ்யத்தை எடுத்துவிட்டுத் தின்பண்ட அறையின் எழுத்தை அங்கே வைத்துக்கொண்டார்.

“எட்டாவது எடம் எழுத்துக்கு இல்ல, இங்வால்ட்,” என்றாள் துரிட், பின்னல் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். கூட்டங்களில் அவள் பின்னுவாள். இங்வால்டின் கூட்டங்களால் அவள் வீட்டில் நான்கு ஸ்வெட்டர் சேர்ந்திருந்தது. நிரலின் மறுபாதியை எழுதியவள் அவள்தான். அதை அவள் ஒருநாளும் மறைத்ததில்லை.

“எட்டு எழுத்து, எட்டு எடம். கச்சிதமா இருக்கு.”

“கச்சிதமாத்தான் இருக்கு. ஆனா எங்க நிக்கணும்னு தேடுறதுக்குத் தெரியாது. உன்னத் தாண்டி அடுத்த எடத்துக்குப் போகும். அங்கயும் பூஜ்யம் இல்லன்னா அதுக்கும் அடுத்த எடம்.”

“எனக்கு அடுத்த எடத்துல யாரும் இல்ல.”

“அது எங்களுக்குத் தெரியும்பா. வாராவாரம் சொல்றியே.”

மற்றவர்கள் சிரித்தார்கள். இங்வால்ட் சிரிக்கவில்லை. அவர் சொன்னது வெறும் உண்மை. எல்லோருடைய பதிவும் நினைவகத்தில் வரிசையாக இருக்க, தம்முடையதை மட்டும் கடைசியில், தனியாக, ஓவியத்தின் கீழே ஓவியன் போடும் கையெழுத்துபோல வைத்திருந்தார். அதற்குப் பின்னால் காலி. அதைப் பற்றி இன்னும் முக்கால் மணி நேரம் பேசினார்.

சோதனை அறை கட்டடத்தின் கடைக்கோடியில் இருந்தது. ஒருகாலத்தில் ஹெர்ரிங் மீனை உறையவைத்த அறை, ஜன்னல் இல்லை. கடல் பக்கத்துக் கான்கிரீட் சுவரில் நிலையும் கதவுமாக ஒன்றை ஒட்டிப் பொருத்தியிருந்தார்கள். அந்தக் கதவுக்குப் பின்னால் அறை கிடையாது. திறந்தால் கான்கிரீட். கான்கிரீட்டுக்கு அப்பால் ஃபியோர்டு என்னும் கடற்கழியின் கறுத்த தண்ணீர். பூட்டுச் செய்கிறவர்களுக்கு யாருக்குமே திறக்காத கதவு ஒன்று தேவை. திறக்க வேண்டாத நேரத்தில் திறக்கவில்லை என்று வேறெப்படி நிரூபிப்பது? அதற்கென்று ஓர் எழுத்தைத் தனியாக ஒதுக்கியிருந்தார்கள். அந்த எழுத்து யாருடைய அட்டையிலும் இல்லை. வந்தவர் எவரானாலும் சிவப்பு விளக்கு காட்ட வேண்டியது. அந்தக் கதவின் உத்தியோகம் அவ்வளவுதான்.

துரிட் அதில் ஒரு சின்ன வேலை செய்துவைத்திருந்தாள். பூட்டு ஓர் எழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் உள்ளே ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அவளுடைய அட்டைக்கு நான்கு டிக். கணக்குப் பார்ப்பவருக்கு இரண்டு. அதன் பிறகு நிசப்தம், சிவப்பு. தேடல் எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம்.

திங்கட்கிழமை மாலை இங்வால்ட் தம் புதிய அட்டையோடு அங்கே போனார். தின்பண்ட அறையின் பச்சை விளக்கை அதற்குள் ஆறு முறை பார்த்து ரசித்திருந்தார். கம்பளி உள்செருப்பைத் தரையில் சரக் சரக்கென்று இழுத்துக்கொண்டு வந்து, அட்டையைக் கதவில் காட்டினார். டிக் டிக் டிக். எட்டு ஆயிற்று. ஒன்பது. பத்து. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். டிக் டிக். வெகு ஆழத்தில் யாரோ ஒவ்வொரு படியாகத் தொட்டுத் தொட்டு இறங்குவதுபோல, அவசரமில்லாமல், ஒரே சீராக அந்தச் சத்தம் போய்க்கொண்டே இருந்தது. கைப்பேசி அடித்தது, பேசினார், வைத்தார். அப்போதும் டிக் டிக். பிறகு கடக்கென்று ஒலித்தது. பச்சை. கதவு ஒரு விரல் அகலத்துக்கு முன்னால் வந்து நின்றது.

இடுக்கில் கான்கிரீட் தெரிந்தது. உப்பு வாடை வந்தது. உப்புக்குக் கீழே, பல வருஷம் திறக்காத உறைகிடங்கின் அந்தப் பழைய இரும்புக் குளிர்.

கதவை முழங்கையால் தள்ளிச் சாத்தினார் இங்வால்ட். துரிட் வைத்த டிக் சாதனம் கெட்டுவிட்டது என்று தீர்மானித்தார். அவள் வைத்தது கெட்டுப்போனதில் அவருக்கு ஒரு நிறைவு ஏற்பட்டது. அந்த நிறைவோடு வெளியே நடந்தபோதுதான் கவனித்தார்: வாசலில் அவர் நின்றுவிட்ட பிறகு, பின்னால் இன்னொரு சரக் கேட்டது. ஒன்றே ஒன்று. நின்றவரைப் பார்த்துத் தானும் நின்றதுபோல.

திரும்பிப் பார்த்தார். அறை. மேசை. கதவு. எதிரொலி என்று அதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டுப் போனார். பெயர் வைத்துவிட்டால் அவருக்கு எதுவும் முடிந்த கதை.

செவ்வாய்க்கிழமையும் கதவு திறந்தது. புதன்கிழமையும். வெள்ளிக்கிழமை காலை, கட்டி முடியப்போகும் புதிய சிறைச்சாலை ஒன்றுக்குப் பூட்டு வாங்க நான்கு பேர் வர இருந்தார்கள். இங்வால்ட் அவர்கள் முன்னால் சோதனைக் கதவில் தம் அட்டையைக் காட்ட வேண்டும். எல்லா உரிமையும் உள்ள தலைமை நிரலாளருக்கே சிவப்பு எரிவதை அவர்கள் பார்க்க வேண்டும். யாருக்கும் திறக்காத கதவு இங்வால்டுக்குத் திறந்தால், சிறைக்காரர்கள் எழுந்து கோட்டு மாட்டிக்கொள்வார்கள். இருபத்தைந்து வருஷப் பெருமை துரிட்டின் பின்னல் பையில் போய் விழும். வேண்டியதெல்லாம் எட்டாவது எழுத்தை எடுத்துப் பூஜ்யத்தைத் திரும்ப வைப்பது. அதாவது, அவள் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்வது.

வியாழக்கிழமை மூன்று மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது. மூன்றரைக்கு ஒவ்வொருவராக உள்செருப்பை அலமாரித் தட்டில் வைத்து, பனிக்காலணி மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். துரிட் கழுத்துத் துணியைச் சுற்றிக்கொண்டே வந்து அவர் மேசையருகில் நின்றாள்.

“எடுத்துட்டியா?”

“எதை?”

“அட, தெரியாத மாதிரி. நாளைக்கு அந்த நாலு பேருக்கு முன்னாடி அது பச்சையா எரிஞ்சா நான் சிரிச்சிருவேன், இங்வால்ட். என்னால அடக்க முடியாது. முன்கூட்டியே சொல்லிட்டேன்.”

“நான் வேற ஒரு தீர்வு யோசிச்சிட்டிருக்கேன். கொஞ்சம் ஆழமானது.”

“பாலாடைக்கட்டி வேணும்னா கேளுப்பா, நானே வெட்டித் தர்றேன். ஒரு துண்டுக்காகச் சிறைச்சாலையே போகுது.” அவள் கையுறையை மாட்டினாள். “அப்பறம் நாளைக்குப் பேச்சைக் குறைச்சுக்கோ. இந்தக் கட்டடத்துல ஒரு தடவையாச்சும் சூடா வாஃபிள் திங்கணும்னு எனக்கு ஆச.”

பாட்டுக்குழுப் பயிற்சிக்கு நேரமாயிற்று என்று போய்விட்டாள். வெளிக்கதவு அவளுக்குக் கடக்கென்று திறந்து, அவளுக்குப் பின்னால் மூடியது. வானொலி ஓடாத, காப்பி இயந்திரம் முனகாத, விசைப்பலகைகள் தட்டாத கட்டடம் இங்வால்டைச் சுற்றி மெல்லக் கவிந்தது. குழாய்களில் வெந்நீர் புரளும் ஒலியும், கடல் பக்கத்துச் சுவரின் அடியில் அலை நக்கும் ஒலியும், தம் மூக்கில் மூச்சு உரசும் ஒலியும் ஒவ்வொன்றாக மேலெழுந்து வந்தன. முட்டாள்கள் போய்விட்டார்கள், இனி வேலை பார்க்கலாம் என்று அவர் தமக்குள் சொல்லிக்கொண்டார். சத்தமாகத்தான் சொன்னார்.

சோதனை அறையின் விளக்கு ஆள் அசைந்தால் எரியும். அசைவில்லாவிட்டால் தானே அணையும். அவர் நுழைந்ததும் எரிந்தது. மேசைமேல் கணினி இருந்தது. அதில் தம் பதிவைத் திறந்து, பின்னால் இருக்கும் நினைவகத்தையும் பார்த்தார். காலி. துடைத்துவிட்டதுபோலக் காலி. திருப்தியோடு கதவருகில் போய் அட்டையைக் காட்டினார். இந்த முறை எண்ணினார்.

நாற்பத்தொன்றில் கடக். பச்சை.

திங்கட்கிழமை அது முடிய ஒரு கைப்பேசி உரையாடலுக்கும் மேல் நேரம் பிடித்தது. அப்போது எத்தனை இருந்திருக்கும்? பல நூறு. செவ்வாய்க்கிழமை அதைவிடக் குறைவு. புதன்கிழமை காப்பி ஒரு மிடறு குடிப்பதற்குள் முடிந்துவிட்டது. இப்போது நாற்பத்தொன்று.

துரிட்டை அழைத்தார். பின்னணியில் பெண்கள் கிறிஸ்துமஸ் பாட்டின் ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

“சீக்கிரம் சொல்லு, பாட்டு நடத்துறவ முறைக்கிறா.”

“உன் சாதனம் கெட்டுப்போச்சு. தப்பா எண்ணுது.”

“கதவு திறக்குதா?”

அவர் கதவின் இடுக்கைப் பார்த்தார்.

“திறக்குது,” என்றாள் அவள். “அப்ப அது சும்மா எண்ணல. பொருத்தம் கெடைச்சுத்தான் நின்னிருக்கு. அந்த எழுத்து யாருகிட்டயோ இருக்கு.”

“யாருகிட்டயும் இல்ல. எனக்குப் பின்னாடி காலி. இப்பத்தான் பாத்தேன்.”

“காலின்னா திறக்காதே, ராசா.”

“அப்ப யாருக்குத் திறக்குதுங்கிற?”

“எனக்கென்ன தெரியும்? உனக்குப் பின்னாடி நிக்கிறவரக் கேளு.” அவள் சிரித்தாள், பாட்டு மறுபடி தொடங்கியது, அழைப்பு அறுந்தது.

வெறும் கேலி. இங்வால்டுக்கு அது தெரியும். ஆனாலும் திரும்பிப் பார்ப்பதற்கு அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. அறை. மேசை. திரையின் நீல வெளிச்சம். திறந்த கதவின் இடுக்கிலிருந்து உப்பு வாடை முன்பைவிடத் தாராளமாக வந்தது. தரைமட்டத்தில் தவழ்ந்து வந்து அவருடைய கணுக்காலில் காலுறையின் பின்னல் வழியாக நுழைந்தது. கதவைச் சாத்தினார். கான்கிரீட் அதே இடத்தில்தான் இருந்தது. ஆனால் ஈரமாக, ஆள் உயரத்துக்கு மட்டும் ஈரமாக இருந்தது. குளிர்காலத்தில் சுவர் வியர்க்கும். அதற்கும் ஒரு பெயர் உண்டு. அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

ஒரு தடவை நடந்தது சான்றாகாது என்பது இங்வால்ட் இளையவர்களுக்குச் சொல்லும் வேதம். அட்டையை மறுபடி காட்டினார்.

இருபத்தேழு. கடக்.

சாத்தினார். காட்டினார்.

பத்தொன்பது.

ஒவ்வொரு தடவையும் பொருத்தம் இன்னும் கிட்டத்தில் கிடைத்தது. அந்த எழுத்தை வைத்திருப்பவர், அவர் யாரானாலும், வெகு தூரத்தில் காலியான நினைவகத்தின் அடியில் நின்றவர், வரிசையில் முன்னால் நகர்ந்து வந்துகொண்டிருக்கிறார். கடையில் வரிசை நகரும்போது நாமும் ஓரடி வைப்போமே, அப்படி. அவசரமில்லாமல். தன் முறை வரும் என்று தெரிந்தவர்போல.

நிறுத்தியிருக்கலாம். அட்டையைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். யாராயிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். இங்வால்டோ, இன்னொரு தடவை காட்டினால் எண் பெரிதாகும், துரிட்டிடம் சொல்ல ஒரு பதில் கிடைக்கும் என்று நினைத்தார்.

பன்னிரண்டு.

விளக்கு அணைந்தது. அவர் அசையாமல் நின்றிருந்தார், அதனால்தான். கையை ஆட்டினார். எரிந்தது. கதவுக்கும் அவருக்கும் நடுவில் தரையில் ஈரக் கறை ஒன்று இருந்தது. சிறியது. பிறகு இன்னொன்று. இரண்டும் அவர் உள்செருப்பின் அளவில் இருந்தன.

சரக்.

அவர் அசையவில்லை.

கை தானாகப் போயிற்று. அட்டை தானாகக் கதவைத் தொட்டது.

டிக். டிக். டிக். டிக். டிக். டிக். டிக். டிக்.

இதோடு அவர் முடிந்தார்.

டிக்.

கடக்.

ஒன்பது. அவருக்கு அடுத்த இடம். மிக அடுத்த இடம்.

பிடரியில் குளிர்ந்தது. யாரும் ஊதவில்லை. குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து அதன்முன் நிற்கும்போது வருகிற குளிர். அது மூச்சு விடவில்லை. அது காத்துக்கொண்டிருந்தது. அவருக்கு ஒரு கை தூரத்தில். அதைவிடக் குறைவாக.

மேசைக்குப் பாய்ந்தார். பாய்ந்தார் என்பது அவர் நினைப்பு. உள்செருப்பு தடுக்கி முழங்காலில் விழுந்து, தவழ்ந்து, நாற்காலியைப் பிடித்து எழுந்தார். பின்னால் பார்க்கவில்லை. பார்க்கவே இல்லை. திரையில் அவர் பதிவு. எட்டு எழுத்து. எட்டாவது. தின்பண்ட அறை. அழித்தார். முதலில் வேறெதையோ தட்டினார். மறுபடி. பூஜ்யம். சேமி.

அந்த நொடியில் எதுவோ அவரைக் கடந்து போனது. தோளோடு உரசிக்கொண்டு, நெரிசலில் முன்னால் போகிறவர் மன்னிப்புக் கேட்காமல் போவதுபோல. அவ்வளவுதான்.

நிசப்தம்.

இங்வால்ட் கண்ணை மூடியபடி நெடுநேரம் நின்றார். குழாயில் வெந்நீர். சுவரடியில் அலை. பிடரியில் குளிர் இல்லை. ஒன்றுமே இல்லை. மெல்ல, ஒரு வெட்கமும் அதற்குமேல் ஒரு தெம்பும் அவருக்குள் ஊறின. பூஜ்யம் வேலை செய்கிறது. யோசித்துப் பார்த்தால் அந்தப் பூஜ்யத்தை வைத்தது அவர்தான். துரிட் பேசத்தான் செய்தாள், வைத்தது யார்? நாளைக் காலை விருந்தினர்முன் சொல்ல வேண்டிய வாக்கியம்கூட மனத்தில் வந்துவிட்டது: முடிவு எங்கே என்று அறிந்தவனே கலைஞன். அதை விரித்தால் அரை மணி நேரம் பேசலாம்.

டிக்.

கண்ணைத் திறந்தார்.

டிக். டிக். டிக். டிக். டிக். டிக்.

ஏழு. நின்றது. சிவப்பு.

சோதனைக் கதவின் முன்னால் ஒருவர் அட்டையோடு நின்றிருந்தார். சாம்பல் நிற ஸ்வெட்டர். கம்பளி உள்செருப்பு. உச்சந்தலையில் வட்டமாக ஒரு வழுக்கை. அதை இங்வால்ட் இதுவரை பார்த்ததில்லை, பார்க்க வேண்டிய கோணத்தில் அவர் ஒருநாளும் நின்றதில்லை. அந்த ஆள் சிவப்பு விளக்கைப் பார்த்துத் தலையை ஒருமுறை ஆட்டினார். சரியாக இருக்கிறது என்பதுபோல. கதவைத் தள்ளிச் சாத்தினார்.

சாத்திய கதவு எப்படி இங்வால்டின் முகத்துக்கு நேராக வந்தது என்று அவருக்கு விளங்கவில்லை. அவர் மேசையருகில்தான் நின்றிருந்தார். மேசையைத் தேடிக் கையை நீட்டினார். கான்கிரீட். இடப்பக்கம் கான்கிரீட். வலப்பக்கம் கான்கிரீட், வழவழவென்று, உப்பு பூத்து. முன்னால் கதவு. உள்பக்கம் அதற்குக் கைப்பிடி இல்லை. பின்னால் அறையே இல்லாத கதவுக்கு உள்கைப்பிடி எதற்கு?

கத்தினார். தட்டினார். கதவுக்கு அப்பால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அடி இடுக்கில் ஒரு கோடு வெளிச்சம். கையை ஆட்டினார். இரண்டு கையையும் ஆட்டினார். குதித்தார். சரக் சரக்கென்று உள்செருப்பு ஒன்று நிதானமாக வெளியே நடந்து போனது. சற்று நேரத்தில் அந்தக் கோடு அணைந்தது.

விளக்கைப் பொறுத்தவரை அங்கே யாரும் அசையவில்லை.

அவருக்குப் புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம். அவர் முட்டாள் இல்லை. அதுதான் அவருக்கு வாய்த்த தண்டனை. முன்னால் ஒருவர். அவருக்குப் பின்னால் ஒரு பூஜ்யம். பூஜ்யத்துக்குப் பின்னால் இங்வால்ட். தேடல் எதுவானாலும் பூஜ்யம் வரை வரும், நிற்கும், திரும்பிப் போகும். அதைத் தாண்டி இருப்பதை அது பார்க்காது. பார்க்கக் கூடாது என்றுதான் அந்தப் பூஜ்யம். மிகச் சரியாக வைத்திருந்தார். அவர் எழுதியதிலேயே பிழையில்லாத வரி அதுதான்.

தண்ணீர் சுவரின் அந்தப் பக்கம் நக்கிக்கொண்டிருந்தது. இருட்டில் நேரம் என்று ஒன்று இல்லை. ஒரு சமயம், தம் முதுகுக்குப் பின்னால், கான்கிரீட் இருக்க வேண்டிய இடத்தில், அவர் கை எதையும் தொடவில்லை. அங்கே இடம் இருந்தது. நிறைய இடம். அதில் வெகு தூரத்தில், ஒருவருக்குப் பின் ஒருவராக, நின்றுகொண்டிருந்தார்கள். அவர் மறுபடி அந்தப் பக்கம் கை நீட்டவில்லை.

பிறகு அடி இடுக்கில் கோடு எரிந்தது. வெண்ணெய் காயும் வாசனை, ஏலக்காய் வாசனை. நிறையக் காலடிகள். புதிய குரல்கள், நாற்காலி இழுபடும் சத்தம்.

“எங்க தலைமை நிரலாளர்,” துரிட்டின் குரல். “எல்லாக் கதவும் தெறக்கும் இவருக்கு. இதத் தவிர. காட்டுப்பா.”

டிக்.

இங்வால்ட் இரண்டு உள்ளங்கையையும் கதவில் பதித்தார்.

டிக். டிக். டிக். டிக். டிக்.

கத்தினார். தொண்டை கிழியக் கத்தினார். இன்னும் ஒன்று, இன்னும் இரண்டே இரண்டு, வா, வா.

டிக்.

நின்றது.

சிவப்பு வெளிச்சம் இடுக்கு வழியாக அவர் கால்விரலில் விழுந்தது. வெளியே யாரோ கை தட்டினார்கள்.

“பாத்தீங்களா,” என்றது ஒரு குரல். அவருடைய குரல். “அவ்வளவுதான்.”

“அவ்வளவுதானா?” என்றாள் துரிட். ஊசிகள் உரசும் சத்தம் நின்றது. “வேற ஒண்ணும் சொல்லலியா நீ?”

“இல்ல. வாஃபிள் ஆறிடும்.”

காலடிகள் விலகின. கடைசியாக ஒரு சரக், கதவுக்கு மிக அருகில், ஒரு நொடி நின்று, போனது. விளக்கு அணைந்தது. அவர் முதுகுக்குப் பின்னால், அந்த நீண்ட வரிசையில், எல்லோரும் ஓரடி முன்னால் வைத்தார்கள்.

வாஃபிள் சூடாக இருக்கும்போதே ஒரு கூட்டம் முடிந்தது அந்த நிறுவனத்தில் அதுதான் முதல் தடவை. இங்வால்ட் இப்போதெல்லாம் எவ்வளவோ பரவாயில்லை என்று எல்லோரும் சொன்னார்கள்.